நாங்கள் நலம்

மலை நிலையம்
மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எறும்பு முழுசாக மலையேறிச் சேர்ந்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, உதடு வெடித்திருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

ஃபோன் சிக்னல் கீழே பாலத்தோடு நின்றுவிடுகிறது. மளிகையும் டீசலும் ஏற்றி வரும் லாரிதான் கடிதமும் கொண்டுவரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம். பதில் தாமதமானால் நான் கோபித்துக்கொண்டதாக எண்ணிக்கொள்ளாதே.

என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, காற்றடித்தால் தானே பேசும் ஒரு ஜன்னல். பெட்டியைத் திறந்தபோது எங்கள் ஆராய்ச்சி நிலையத் தலைவர் அம்மாள் எட்டிப் பார்த்து, "உங்களோட இன்னொருத்தரும் வர்றாங்களா?" என்று கேட்டார். கேட்கமாட்டாரா பின்னே. இரண்டு டார்ச், இரண்டு சீப்பு, இரண்டு வெந்நீர்ப் பை, பல் தேய்க்க இரண்டு பிரஷ். "எங்க அக்கா சாவிக்கடை வச்சிருக்காங்க. எதுக்கும் ஒரு டூப்ளிகேட் இல்லன்னா தூக்கம் வராது அவங்களுக்கு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எங்களுக்குள் சிநேகம் பிறந்துவிட்டது.

வேலை நாளை தொடங்குகிறது. உயரமான இடங்களில், குளிரும் காற்றும் வாட்டுகிற மண்ணில் வளரும் செடிகளில் பலவற்றுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை கீழே இருக்கும் சொந்தக்காரச் செடிகளைவிட இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று இருக்கிறது. ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எங்கள் செடி கைக்கட்டை விரல் உயரம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பூச்செடி. அதற்குக் குட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். கீழே புல்வெளியிலும் வளர்கிறது, மேலே கணவாயில் பாறை இடுக்கிலும் வளர்கிறது. இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தான் இறந்த பிறகு உன்னைத் தனியாக விட்டுவிட்டு இத்தனை மாதம் நான் எங்கேயும் இருந்ததில்லை. நீ பிடித்துத் தள்ளியதால்தான் வந்தேன். செப்டம்பர் கடைசியில் பனி பாதையை மூடிவிடும். அதற்குள் வந்துவிடுவேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
எறும்பு


வீடு
மே 30

அன்புள்ள எறும்புக்கு,

நான் நலம். முட்டி மாடிப்படியில் மட்டும் முனகுகிறது, தரையில் சமர்த்தாக இருக்கிறது. உன் உதட்டுக்கு வெண்ணெய் தடவு. இரண்டு டப்பா வைத்தேனே, சிரித்தாயல்லவா, இப்போது தடவு.

குரோமோசோம் என்று எழுதிவிட்டாய், எனக்கு அது கிரகத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. நம் கடைப் பாஷையில் சொல்லு. அதை எப்படி எண்ணுவாய்? கையில் எடுத்து வைத்தா?

இங்கே பெரிய சேதி ஒன்றுமில்லை. பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள், அதையே படிக்க முடியவில்லை. கடைக்கு ஒருவர் வருகிறார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையாம். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம் தன் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டிக்கொண்டு போனார். இப்போது வந்து அதே சாவிக்கு இன்னொன்று வேண்டும் என்கிறார். "அந்த டூப்ளிகேட் தொலஞ்சுபோச்சுங்க" என்றார். மூலச்சாவி பத்திரமாக இருக்கிறது, நகல்தான் தொலைகிறதாம். நான் பார்த்த வரையில் ஆள் நிதானம். குடையைக்கூட மடித்து, தண்ணீர் சொட்டாமல் வாசலுக்கு வெளியே சாய்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். இப்படிப்பட்டவர் சாவியை எப்படித் தொலைக்கிறார் என்று தெரியவில்லை.

குளிரில் வீரம் காட்டாதே. காதை மூடிக்கொள்.

உன்
அக்கா


மலை நிலையம்
ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்ணெய் தடவினேன், உதடு தேறிவிட்டது. இரண்டாவது டப்பாவைத் தலைவர் அம்மாளுக்குக் கொடுத்தேன். உன்னை அவர் வாழ்த்தினார்.

கடைப் பாஷையில் கேட்டாய், சொல்கிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. இலை எப்படி வளர வேண்டும், பூ எப்போது திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேலைக்கும் சாவி. அந்தச் சாவிகள் கோத்திருக்கும் கம்பிகள்தான் குரோமோசோம். புல்வெளிக் குட்டைக்குப் பதினாலு கம்பி.

எண்ணும் முறை இது. வேரின் நுனியில்தான் செல்கள் ஓயாமல் பிரியும், பிரியும்போதுதான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். காலையில் வேர்நுனியை வெட்டிக் குப்பியில் போட்டு, சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடி, தீக்குச்சியால் மெதுவாகத் தட்டி, ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். செல் தட்டையாகி, உள்ளே இருப்பதெல்லாம் பரவிக் கிடக்கும். அழுத்தம் கூடினால் கண்ணாடி உடையும். விரல் வழுக்கினால் ஒரு செல் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும், பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு தெரியும்.

என் கட்டைவிரலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பூட்டில் எத்தனை சாவி முறித்திருக்கிறேன். அதே கதைதான் இங்கேயும். கணவாய்ச் செடியில் வரிசையாக இருபத்தெட்டு வருகிறது. ஏதோ பாதியாவது நன்றாக வந்திருக்கக்கூடாதா? எல்லாவற்றையும் 'செல் மேல் செல்' என்று எழுதித் தள்ளுபடிப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால், "மெதுவாடீ, அது சாவி, சம்மட்டி இல்ல" என்பாய்.

அந்தத் தொலைக்கும் மனிதர் மறுபடி வந்தாரா?

உன்
எறும்பு


வீடு
ஜூலை 2

அன்புள்ள எறும்புக்கு,

நான் நலம். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன், புரிந்துவிட்டது. அதையே நினைத்துக்கொண்டு சாவி வெட்டினேன், ஒரு சாவி கோணலாகப் போய்விட்டது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பென்றால் சொல். வீட்டுக்கு ஒரே சாவி இருந்தால் அதை யாரும் அரத்தில் வைத்து விளையாடமாட்டார்கள். பல் கொஞ்சம் தேய்ந்தாலும் தெருவில்தான் நிற்க வேண்டும். அதே சாவி இரண்டு இருந்தால், ஒன்று கதவைத் திறக்கட்டும் என்று விட்டுவிட்டு, மற்றதை ராவி ராவி வேறு பூட்டுக்குப் பழக்கலாம். சரிப்படாவிட்டால் நஷ்டமில்லை. மலைமேல் புதுப்புதுப் பூட்டாக இருக்கும்போது உபரிச் சாவி உதவாதா?

நீ கேட்ட ஆள் வந்தார். போன வாரம் மூன்றாவது சாவி. நேற்று நாலாவது வேண்டும் என்றார். அதே வீடு, அதே பூட்டு. "உங்க வீட்ல எத்தனை பேருங்க?" என்று கேட்டேன். "நான் ஒருத்தன்தான்" என்றார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறதாம். அவருக்கு நாலு சாவிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். கடை ஷட்டர் கீச்சிடுவதைக் கேட்டு, கேட்காமலேயே எண்ணெய் விட்டுச் சரிசெய்துவிட்டுப் போனார். இப்போது ஷட்டரைத் தூக்க ஒரு விரல் போதும். நாலாவது சாவியை நாளை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ விரலை உருட்டாமல் நேராக அழுத்து. சாவியும் நேராகத் திருப்பினால் முறியாது.

உன்
அக்கா


மலை நிலையம்
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முட்டிக்கு ஷட்டர் தூக்குவது குறைந்தது நல்லது. அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்.

உன் அரம் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தலைவர் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஆராய்ச்சிக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மீதிப் பேர் வேறு மாதிரி சொல்கிறார்கள். குளிரைத் தாங்குவதற்காகச் செடி இரட்டிப்பதில்லை, குளிரே அதை இரட்டிக்க வைக்கிறது என்கிறார்கள். மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போது கம்பிகள் பாதியாகப் பிரிய வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடுங்குளிர் அடித்தால் பிரிவது தடைப்பட்டு முழுசாகவே நின்றுவிடும். அப்படி இரண்டு முழுசு சேர்ந்தால் இரட்டிப்பு.

எது சரி என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புல்வெளிக் குட்டைகளைக் கணவாயில் நட்டுக் குளிர்காலம் முழுக்க விட்டுவைத்து, பனி உருகத் தொடங்கும்போது மொட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பாதை திறப்பதற்குள் மொட்டுக்குள் வேலை முடிந்துவிடும். அதனால் ஒருவர் குளிர்காலம் இங்கேயே தங்க வேண்டும். தலைவரும் சமையற்காரரும் எப்படியும் தங்குகிறார்கள். "எண்ணத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஆசையாகத்தான் இருக்கிறது அக்கா, உன்னிடம் மறைப்பானேன். இந்த மாதிரி ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு படித்தேன். ஆனால் தங்கினால் அடுத்த மே மாதம்தான் கீழே இறங்க முடியும். குளிர்காலத்தில் அந்த வீட்டில் நீ தனியாக, வழுக்கும் படியில் முட்டியோடு. உன்னை அப்படி விட எனக்கு மனசில்லை. முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். அவர் கடைசி லாரி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

நாலாவது சாவியை வாங்கிக்கொண்டு போனாரா?

உன்
எறும்பு


வீடு
ஆகஸ்ட் 16

அன்புள்ள எறும்புக்கு,

நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, லாரிக்குக் கடிதப் பை போய்விட்டதைப் பிறகுதான் கவனித்தேன். வேறு ஒன்றுமில்லை.

நீ தங்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு என்ன குறை? வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேளைக்குத் தூங்குகிறேன். முட்டியைப் பற்றி நீ கவலைப்படாதே, படியில் கைப்பிடி போட்டாகிவிட்டது. பால்கனியில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன், சாயங்காலம் காற்றாட உட்கார வசதியாக இருக்கிறது. ஒரு பானை சூப் வைத்தால் இப்போதெல்லாம் மிச்சம் ஆவதில்லை, நல்ல பசி எடுக்கிறது.

உன் கேள்வி நல்ல கேள்வி. அதை விட்டுவிட்டு வந்து என் முட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன மரியாதை? தங்கு. கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்.

உன்
அக்கா


மலை நிலையம்
ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? கடமைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

இரண்டு லாரி வெறும் மளிகையோடு வந்தபோது நான் பாலம் வரை நடந்து போய் ஃபோன் செய்து பார்க்கலாமா என்று இருந்தேன். கடிதம் வந்தது, வந்ததும் 'தங்கு தங்கு' என்கிறது. உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் உனக்குக் காய்ச்சல் கொதித்தபோதும் இப்படித்தான், "நீ ஆபீஸ் போ, எனக்கு என்ன குறை" என்று என்னைத் துரத்திவிட்டுப் பாயைச் சுருட்டக்கூட முடியாமல் கிடந்தாய். நீ எவ்வளவு உற்சாகமாகப் போகச் சொல்கிறாயோ அவ்வளவு எனக்குப் பயம் வருகிறது. படிக்குக் கைப்பிடி போட்டாய் என்றால் விழுந்தாயா?

அப்புறம் அதென்ன 'நாங்கள் நலம்'? யார் அந்த நாங்கள்? வீட்டில் இருப்பது நீ ஒருத்தி. பழைய காலத்துக் கடிதக்காரர்கள் மாதிரி குடும்பத்தோடு கும்பலாக நலம் சொல்கிறாயே. நாற்காலி வாங்கினாலும் இரண்டு. ஒன்றில் நீ உட்காருவாய், மற்றதில் உன் டூப்ளிகேட் உட்காருமா?

நான் வருவதாகத்தான் இருக்கிறேன். கணவாய் வேலையும் ஒன்றும் பிரமாதமாக நடக்கவில்லை. தள்ளுபடிப் பெட்டி நிறைந்து இரண்டாவது பெட்டி எடுத்தாயிற்று. விரலை நேராகத்தான் அழுத்துகிறேன், நீ சொன்ன மாதிரி.

உடம்பில் என்ன இருந்தாலும் எழுது. ஒளிக்காதே.

உன்
எறும்பு


வீடு
ஆகஸ்ட் 31

அன்புள்ள எறும்புக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதிவிட்டேன், போதுமா?

விழவில்லை. காய்ச்சல் இல்லை. நாங்கள் என்றால் நானும் என் பூட்டுகளும். கடையில் முந்நூறு பூட்டு தொங்குகிறது, அவற்றுக்கும் சேர்த்துத்தான் நலம் சொன்னேன். இதைப் போய்ப் பெரிசு பண்ணுகிறாய்.

இங்கே விடாமல் மழை. வராண்டாவில் குடைகள் காயவே மாட்டேன் என்கின்றன. கம்பளிச் சட்டை இந்தப் பையில் வருகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். இன்னொரு நாள் ஆகட்டும், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். நீ தங்கினால் எனக்குச் சந்தோஷம். வந்தாலும் சந்தோஷம். தங்கு.

உன்
அக்கா


மலை நிலையம்
செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை வந்தது, கச்சிதமாக இருக்கிறது. நான் நலம். இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

நேற்று மூன்றாவது தள்ளுபடிப் பெட்டி கேட்டு ஸ்டோருக்குப் போனேன். சமையற்காரர்தான் சாவி வைத்திருக்கிறார். "எந்தச் செடிக்கும்மா இவ்வளவு பெட்டி?" என்றார். "கணவாய்ச் செடிக்கு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. இரண்டு பெட்டியிலும் கணவாய்ச் செடி மட்டும்தான் கிடக்கிறது. புல்வெளிச் செடியில் ஒன்றுகூட இல்லை. அதே கண்ணாடி, அதே சாயம், அதே கட்டைவிரல். என் விரல் முரடு என்றால் கீழ்ச் செடியிலும் அல்லவா செல் மேல் செல் ஏறியிருக்க வேண்டும்?

ஓடிப்போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரே சுவர், ஒரே செல், உள்ளே நிஜமாகவே இருபத்தெட்டு. மகரந்தத்தையும் பார்த்தேன், கீழ்ச் செடியினுடையதைவிடப் பெரிசு பெரிசாக இருக்கிறது. கணவாய்க் குட்டை இரட்டித்த செடி அக்கா. முதல் வாரத்திலேயே அது என்னிடம் சொல்லிவிட்டது. நான்தான் 'என் விரல், என் விரல்' என்று ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். தலைவர் அம்மாள் என் முதுகில் ஒரு அடி வைத்தார், இன்னும் வலிக்கிறது.

அந்தச் சந்தோஷத்தோடு அறைக்கு வந்து உன் கடிதங்களை எடுத்தேன், முதலில் இருந்து. அங்கேயும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டு நாற்காலி என்றாய், அக்காவின் டூப்ளிகேட் பழக்கம் என்று ஒதுக்கினேன். குடைகள் காயவில்லை என்றாய், ஒதுக்கினேன். ஒரு பானை சூப் தீர்ந்துபோகிறது என்றாய். நீ சாப்பிடும் அழகு எனக்குத் தெரியாதா? ஒரு பானையை நீ தனியாகத் தீர்த்தால் நாலு நாள் ஆகும். அதையும் ஒதுக்கினேன். நீ எதையும் இரண்டாக வைத்துக்கொள்கிறவள் என்பதால், நிஜமாகவே இரண்டு பேர் இருப்பது என் கண்ணில் படவில்லை.

இன்னும் ஒன்று. நாலு சாவிக்காரர். ஜூலையில் நாலாவது சாவியை நாளை வந்து வாங்கிக்கொள்வார் என்று எழுதினாய். வாங்கினாரா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகையைக்கூட விடாதவள் நீ. ஒரு கதையைப் பாதியில் விட்டு எனக்குத் தெரிந்து நீ எழுந்ததே இல்லை.

மே மாதம் 'நான் நலம்.' ஜூலையில் 'நான் நலம்.' ஆகஸ்டில் 'நாங்கள் நலம்.' உனக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் 'நாம்'தான் அக்கா. நாம் வாங்கிய அலமாரி, நாம் போன ஊர். நாங்கள் என்றால் அதில் நான் இல்லை. அது புரிந்தபோது ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது, மறைக்கமாட்டேன். அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்தது. இந்த இரண்டு மாதமாக உனக்காக நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நீ பால்கனியில் காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஒரே ஒரு கேள்விதான் உறுத்துகிறது. நான் உன்னைத் தனியாக விட்டு வந்ததால், அந்தத் தனிமை தாங்காமல் நடந்ததா இது? அப்படியென்றால் நான் வந்தே தீர வேண்டும். இல்லையென்றால் தங்குவேன். கடைசி லாரி மாதக் கடைசியில் இறங்குகிறது. உன் பதிலைப் பார்க்காமல் நான் வாய் திறக்கப்போவதில்லை.

உன்
எறும்பு


வீடு
செப்டம்பர் 18

என் எறும்புக்கு,

நாங்கள் நலம். இதைத் தெரிந்தே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் தெரியாமல்தான் எழுதினேன். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது, உறையை ஒட்டும்போதுகூடக் கண்ணில் படவில்லை. யார் அந்த நாங்கள் என்று நீ கேட்ட அன்றுதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பதறிப்போய்ப் பூட்டுகளை இழுத்துவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, "என்னைப் பூட்டுன்னு எழுதிட்டீங்களே" என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

நாலாவது சாவியின் கதை இதோ. மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். சாவியைக் கொடுத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திரும்ப என் மேசையிலேயே வைத்தார். "ஏன், சரியில்லையா?" என்றேன். சட்டைப் பையில் கைவிட்டு மற்ற மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "ஒண்ணும் தொலையல. இங்க வர்றதுக்கு எனக்கு வேற காரணம் கிடைக்கல. இது உங்களுக்குன்னு வெட்டச் சொன்னது" என்றார். உடனே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மழைகூட இல்லை. நான் கையில் அரத்தோடு நின்றேன். சைக்கிள் சாவிக்காக எதிரில் நின்றவர் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்த அன்று உன் கடிதம் வந்தது, எனக்காகத் தங்கமாட்டேன் என்று. அத்தான் இறந்த வருஷம் கிடைத்த வெளியூர் வேலையையும் எனக்காகத்தான் விட்டாய். அப்படிப்பட்டவளிடம், இனிமேல் எனக்குத் துணைக்கு வேறு ஆள் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வேன்? நீ எனக்குச் செய்ததையெல்லாம் ஒரு வரியில் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? சொல்லாமல் 'தங்கு' என்றால் நீ என்னை நோயாளி ஆக்கிவிட்டாய். பயந்தது போதும். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ போனதால் நடந்ததா? இல்லை. முதல் சாவியை அவர் வெட்டிக்கொண்டு போனது நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம். நீ கூடத்தில் உட்கார்ந்து, "இன்னொரு சீப்பு எதுக்குக்கா?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலமே நான் அவர் குடை மடித்த விதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் செடியைக் குளிர் இரட்டிக்க வைத்ததா என்பதை நீ இருந்து கண்டுபிடி. என்னைத் தனிமை இரட்டிக்க வைக்கவில்லை. எனக்குக் குறை இருந்து வரவில்லை, பிடித்துப்போய் வந்தது.

பதிவு அலுவலகத்தில் மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். அவசரமில்லை, அவர் காத்திருக்கத் தெரிந்தவர். நாலு சாவி வரைக்கும் காத்திருந்தவர்தானே.

காதை மூடிக்கொள். மொட்டைப் பிரிக்கும்போது விரலை நேராக வை.

உன்
அக்கா


மலை நிலையம்
செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கும், இன்னும் அத்தான் என்று கூப்பிட வாய் வராத நாலு சாவிக்காரருக்கும்,

லாரிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். பனி தொடங்குமுன் இறங்க வேண்டுமாம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில், தங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். தலைவர் அம்மாள் எழுந்துபோய் என் பெயரை மொட்டுக் கணக்குப் பலகையில் எழுதிவிட்டு வந்தார். சமையற்காரர் எனக்கு மட்டும் ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றினார். காலையில் கணவாய்க்குப் போய்க் கடைசிப் புல்வெளிச் செடியையும் நட்டுவிட்டு வந்தேன். பாறை இடுக்கில் பழைய குட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. இரட்டித்தவை அவை, அவற்றுக்கு என்ன கவலை. பக்கத்தில் புதுசாக வந்தவை கொஞ்சம் வாடித்தான் இருந்தன. தேறிவிடும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தைப் படித்து அழுதேனா என்று கேட்பாய். அழுதேன், நன்றாக மூக்கைச் சிந்தி அழுதேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உன்னைப் பற்றி நினைக்கும்போது கவலை வரவில்லை.

உன் இரண்டாவது சீப்பைத் திருப்பி அனுப்புகிறேன். அவருக்குத் தலையில் முடி இருந்தால் கொடு. மற்ற டூப்ளிகேட் எதையும் தரமாட்டேன், குளிர்காலம் நீளமானது.

இங்கே தலைவர் அம்மாள், சமையற்காரர், நான், நாங்கள் நலம். அங்கே நீங்கள் நலமாக இருங்கள். மே மாதம் பாதை திறந்ததும் நாம் ஆகிவிடலாம்.

அதற்குள் எனக்கு ஒரு வேலை செய்து வை. உங்கள் வீட்டுக்கு ஐந்தாவதாக ஒரு சாவி வெட்டு, என் பெயரில். இல்லை, என் கட்டைவிரல் உனக்குத் தெரியுமே. இரண்டாக வெட்டிவிடு.

உன்
எறும்பு